கனடா விசா போடுகிறவர்கள் கவனம்: மின்னஞ்சல் ஏஜென்சிக்காரரின் கையில் இருந்ததால் வந்த ஐந்து வருடத் தடை

தென்மராட்சிப் பக்கத்துக் குடும்பமொன்றின் கோப்பு இது. மகனைக் கனடாவுக்கு அனுப்பக் காணி உறுதியை ஈடுவைத்து 18 இலட்சம் ரூபா முற்பணம் கட்டியிருக்கிறார்கள். யாழ். நகரில் மாடியறை எடுத்து நடத்திய ஏஜென்சிக்காரர் இப்போது போன் எடுப்பதில்லை. காசு போனதைவிடப் பெரிய அடி, மகனுக்கு விழுந்த ஐந்து வருடத் தடை. அது எப்படி விழுந்தது என்று தெரிந்தால் இன்னும் பல பிள்ளைகளைக் காப்பாற்றலாம்.

"தம்பி, முதல் விசிட்டில போங்கோ. அங்க போன பிறகு வேர்க் பெர்மிற்றா மாத்தித் தாறம்." பேச்சு இப்படித்தான் தொடங்கியிருக்கிறது. கொரோனாக் காலத்தில், 2020 ஓகஸ்ற்றில், விசிட் விசாவில் நிற்பவர்கள் கனடாவுக்குள் இருந்தபடியே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க ஒரு தற்காலிக ஏற்பாடு வந்தது உண்மை. அப்போதும் முதலாளியின் வேலைக் கடிதமும், வழமையாக எல்.எம்.ஐ.ஏ (LMIA) என்ற அரசாங்க அனுமதியும் கேட்டார்கள். அந்த ஏற்பாட்டை 2024 ஓகஸ்ற் 28ஆம் திகதியோடு நிறுத்தியாயிற்று. இன்றைக்கும் அதே கதையைச் சொல்லிக் காசு கேட்கிறவரிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

கோப்பில் ஒரு எல்.எம்.ஐ.ஏ கடிதமும் இருந்தது. ஒரே பக்கத்தில் கொம்பனியின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. தொடர்புக்கு ஒரு ஜீமெயில் முகவரி. எல்.எம்.ஐ.ஏ என்பது, இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி, கனடா முதலாளி தன் அரசாங்கத்திடம் எடுக்கும் அனுமதி. ஒரு வேலையிடத்துக்கு 1000 கனடிய டொலர் கட்டணம். அதை முதலாளிதான் கட்டவேண்டும், தொழிலாளியிடம் திருப்பி வாங்குவது அங்கே சட்டவிரோதம். எனவே "எல்.எம்.ஐ.ஏக்கு 12 இலட்சம்" என்ற பேச்சே களவு. அனுமதி கிடைத்த முதலாளிகளின் பட்டியலைக் கனடா அரசு காலாண்டுக்கொரு தடவை இணையத்தில் போடுகிறது. அதில் பெயரைத் தேடுங்கள். கொம்பனியின் தொலைபேசி இலக்கத்தையும் கடிதத்திலிருந்து எடுக்காமல் நீங்களாகத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். அரசுக்குக் கட்டுவது வேலை அனுமதிக்கு 155 டொலர், கைரேகைக்கு 85 டொலர். விசிட் விசா என்றால் 100, கைரேகைக்கு அதே 85. எப்படிக் கூட்டினாலும் ஒரு இலட்சம் ரூபாவைத் தொடாது.

இனித்தான் முக்கியமான இடம். விசா விண்ணப்பத்துக்கான இணையக் கணக்கைத் திறந்தவர் ஏஜென்சிக்காரர். கொடுத்த மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவருடையவை. வீட்டு வங்கிப் புத்தகத்தில் 4 இலட்சம்கூட இல்லை. விண்ணப்பத்தில் ஏற்றியிருந்தது 60 இலட்சம் காட்டும் வங்கிக் கடிதம். குடும்பத்துக்கு அது தெரியாது. ஆவணம் பொய்யோ என்று விசா அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் நேரே தடை போடுவதில்லை. "இந்தக் கடிதத்தில் எங்களுக்கு ஐயம் இருக்கிறது, இத்தனை நாளுக்குள் விளக்கம் தாருங்கள்" என்று முதலில் எழுதுவார். இங்கேயும் எழுதியிருக்கிறார். கடிதம் போய்ச் சேர்ந்தது ஏஜென்சிக்காரரின் மின்னஞ்சலுக்கு. அவர் வாயே திறக்கவில்லை. தவணை முடிந்தது. குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவில், பொய்த் தகவல் கொடுத்ததாக முடிவு, அதோடு ஐந்து வருடத் தடை. குடும்பத்திடம் ஏஜென்சிக்காரர் சொன்னதோ, "சாதாரண ரிஜெக்ற்தான், திரும்பப் போடுவம்" என்று.

ஆகவே மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கவேண்டும், கணக்கு உங்கள் போனில் திறக்கவேண்டும், பாதுகாப்புக் கேள்விகளுக்கான பதில்கள் உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கவேண்டும். அனுப்ப முன்னம் ஏற்றிய ஆவணம் ஒவ்வொன்றையும் திறந்து வாசியுங்கள். காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பம் செய்பவர் அங்கத்தைய சட்டத்தரணியாகவோ, குடிவரவு ஆலோசகர்களைப் பதிவுசெய்யும் 'கல்லூரி' என்ற அமைப்பின் பதிவேட்டில் உள்ளவராகவோ இருக்கவேண்டும். ஆலோசகரின் பதிவு இலக்கம் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும். அவருடைய பெயர் 5476 என்ற பிரதிநிதிப் படிவத்தில் வரவேண்டும். தன் பெயரைப் போட மறுத்தால், பிடிபடும்போது பழி முழுக்க உங்கள் தலையில்.

ஏற்கெனவே மறுப்பு வந்தவர்கள் கடிதத்தில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். 179 என்றால் கனடாவை விட்டுத் திரும்பிப் போகமாட்டார் என்ற சந்தேகம், அதற்குத் தடை இல்லை. 40 என்றால்தான் தடை. கடிதமே கையில் இல்லாவிட்டால், 5744 என்ற சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கனடாவில் உள்ள சொந்தக்காரருக்கு அனுப்புங்கள். அவர் 5 டொலர் கட்டி உங்கள் கோப்பை எடுக்கலாம். கனடாவின் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போவதானால், வெளிநாட்டில் எடுத்த முடிவுக்கு 60 நாள்தான் தவணை. சட்டத்தரணியிடம் உடனே பேசவேண்டும். பிரித்தானியா, அவுஸ்திரேலியா விண்ணப்பங்களிலும் முந்தைய மறுப்பைக் கேட்பார்கள். மறைக்கவேண்டாம், இந்த நாடுகள் தகவல் பரிமாறுகின்றன.

காசு கொடுத்த பற்றுச்சீட்டு கொப்பி ஒற்றையில் எழுதியது. "கைமாற்றாகப் பெற்றேன்" என்று மட்டும் இருக்கிறது. விசா, வேலை, கனடா, ஒரு சொல் இல்லை. அதனால்தான் முறைப்பாடு கடன் தகராறாக மாறி நிற்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, அனுமதிப்பத்திரம் உண்டா, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு அங்கீகாரம் உண்டா என்று இரண்டையும் கேளுங்கள். காசை நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் போடுங்கள். வட்ஸ்அப், வைபர் குரல் பதிவுகளை அழிக்காதீர்கள், போன் மாற்ற முன்னம் இன்னொரு இடத்தில் சேமியுங்கள். கடவுச்சீட்டு அவர்களிடம் இருந்தால், முறைப்பாட்டை வாபஸ் வாங்கினால் தருவோம் என்று பேரம் பேசுவார்கள். அதற்கு இணங்காமல், கடவுச்சீட்டைப் பிடித்து வைத்திருப்பதையும் பொலிஸ் முறைப்பாட்டில் எழுதுவியுங்கள்.