‘கைவேலைத் தேக்கு’ ஹோம் தியேட்டர் பேக்கேஜ்: நீலகிரிக்காரர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் வீட்டில் ஹோம் தியேட்டர் வைக்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘கைவேலைத் தேக்கு டிவி யூனிட், சோபா, ஸ்பீக்கர், வயரிங், சவுண்ட் ப்ரூஃப் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்’ என்று கீழேயிருந்து வந்து ஆர்டர் எடுக்கும் ஒருவர் எங்கள் குடும்பத்தை ஏமாற்றியிருக்கிறார். மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான பணம். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் எதில் எப்படி ஏமாற்றினார் என்பதை விவரமாகச் சொல்கிறேன். பெயரைவிட அதுதான் உங்களுக்கு உதவும். இதே வேலையை வேறு பெயரில் செய்கிறவர்களும் இருப்பார்கள்.

எங்கள் வீடு கோத்தகிரியை அடுத்த அரவேணு பக்கம். பழைய வீடு, தகரக் கூரை, அதற்குக் கீழே பலகை சீலிங். 16 அடிக்கு 12 அடி அறை ஒன்றைப் படம் பார்க்க ஒதுக்கினோம். அம்மாவுக்கு முட்டி வலி, மலை இறங்கி தியேட்டருக்குப் போவதெல்லாம் முடியாது. காதும் கொஞ்சம் மந்தம். அதனால் அந்த ஆளிடம் நாங்கள் முதலில் சொன்னது ஒன்றைத்தான்: வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும். “அம்மாவுக்காகவே செஞ்சு தர்றேனுங்க சார்” என்றார். வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷனில் நன்கு சீசன் செய்த (ஈரம் போகக் காயவைத்த) தேக்கு, 5.1 ஸ்பீக்கர் (ஐந்து ஸ்பீக்கர், கனத்த அடி ஒலிக்கு ஒரு சப்வூஃபர்), சுத்தமான காப்பர் வயர், முழு சவுண்ட் ப்ரூஃப் என்று எழுத்திலேயே இருக்கிறது.

முதலில் மரம்.

வேலை நடந்தது ஐப்பசி மழையில். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அக்டோபர், நவம்பரில் காற்றே ஈரமாக இருக்கும். யூனிட் வந்து இறங்கியபோது பாலிஷ் பளபளவென்று, செதுக்கு வேலையெல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தை பிறந்து, ராத்திரி பனியும் பகலில் சுள்ளென்ற வெயிலுமாகக் காற்று காய்ந்ததும் ஆரம்பித்தது. மேல் பலகையில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. இழைத்து இணைத்த இரண்டு பலகைகளுக்கு நடுவே இடைவெளி. கதவு ஒன்று முறுக்கிக்கொண்டு மூட மறுத்தது.

ஊரில் எங்களுக்குத் தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் யூனிட்டைச் சுவரிலிருந்து நகர்த்தி, பாலிஷ் படாத பின்பக்கத்தில் உளியால் லேசாகச் சீவினார். உள்ளே வெளிறிய இளஞ்சிவப்பு மரம், அதில் மீன் செதில் மாதிரி சின்னச் சின்ன மினுக்கு. “தேக்கு இல்லீங்க. சில்வர் ஓக். இந்தச் செதிலைப் பார்த்தாலே தெரியும். ஸ்டெயின் ஏத்தி விட்டிருக்காங்க” என்றார். அப்புறம் இரண்டு முள் வைத்த ஈரமானியை அதே இடத்தில் அழுத்தினார். 19 சதவீதம் காட்டியது. வீட்டுக்குள் வைக்கும் மரச்சாமானுக்கு 8 முதல் 12 சதவீதம் வரை இருக்கலாம். மழை முடிந்து அத்தனை வெயில் பார்த்த பிறகும் 19 என்றால், செய்யும்போது எவ்வளவு பச்சையாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சில்வர் ஓக் மட்டமான மரம் என்று நான் சொல்லவில்லை. நம் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் அதே மரம். நன்றாகக் காயவைத்து இழைத்தால் அழகாகவே வரும். அதைத் தேக்கு என்று சொல்லி, தேக்கு விலை வாங்கியதுதான் மோசடி. காயாத மரத்தில் செய்தது அதைவிடப் பெரிய மோசடி. மரம் காயும்போது நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். பச்சை மரத்தை அறுத்து உடனே பசை போட்டு இணைத்து பாலிஷ் அடித்துவிட்டால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும்போது இணைப்பைப் பிய்த்துக்கொண்டுதான் போகும். ஒரு அங்குலக் கனப் பலகை காற்றில் தானாகக் காய ஏறக்குறைய ஒரு வருடம் என்பது ஆசாரிகள் கணக்கு. சூளையில் காயவைத்தால் சீக்கிரம் முடியும், ஆனால் அதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவைத்தான் மிச்சம் பிடித்திருக்கிறார்.

பின்பக்கம் அடித்த ப்ளைவுட்டில் தர முத்திரை எதுவும் இல்லை. மலையில் சுவர் ஈரம் வாங்கும். சுவரை ஒட்டிய பக்கம் முழுக்க வெள்ளைப் பூசணம். இங்கே சுவரோடு ஒட்டி வைக்கும் எதற்கும் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் ப்ளையைத்தான் (ஈரம் தாங்கும் ப்ளைவுட்) கேட்க வேண்டும், சுவருக்கும் பலகைக்கும் இடையில் இரண்டு அங்குலமாவது விட வேண்டும் என்று ஆசாரி சொன்னார்.

மரத்தையாவது மாற்றிவிடலாம். என் கோபம் அதிகம் ஸ்பீக்கர் விஷயத்தில்தான்.

அவர் செய்தது இதுதான்: முதலில் தன் வசதிக்கு ஆறடி யூனிட்டைச் செய்துவிட்டார். பிறகு அதில் எங்கே பொந்து இருக்கிறதோ அங்கே ஸ்பீக்கரைச் சொருகினார். இடது, வலது ஸ்பீக்கர்களுக்கு இடையே ஐந்தடிதான். நாங்கள் உட்காருவது ஒன்பதடி தூரத்தில். 5.1 அமைப்புக்கு ஒலித் தொழில்நுட்ப நிறுவனமான டால்பி வெளியிட்டிருக்கும் வழிகாட்டுதலில், முன்பக்க ஸ்பீக்கர்கள் உட்காருபவரின் நேர்க்கோட்டிலிருந்து இருபுறமும் 22 முதல் 30 டிகிரி தள்ளி இருக்க வேண்டும். ஒன்பதடி தூரத்துக்குக் குறைந்தது ஏழேகால் அடி இடைவெளி வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது 15 டிகிரி சொச்சம். சத்தம் முழுக்க டிவிக்குள்ளேயே முடங்கிவிட்டது. பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் பக்கவாட்டில் சற்றுப் பின்னால், 110 முதல் 120 டிகிரிக்குள், காதைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும். அவர் கூரையை ஒட்டி, பின்சுவரின் இரண்டு மூலைகளில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனார். கேட்டால், “அப்படித்தானுங்க எல்லாரும் மாட்டுவாங்க” என்று பதில்.

சென்டர் ஸ்பீக்கர்தான் உச்சம். 5.1-இல் வசனம் பெரும்பாலும் வருவது அதிலிருந்துதான். அம்மாவுக்கு வசனம் கேட்க வேண்டும் என்று நாங்கள் தலைப்பாடாகச் சொன்ன வேலையில், அந்த ஸ்பீக்கரை யூனிட்டின் கீழ்த்தட்டில், முக்கால் அடி உள்ளே தள்ளி, செதுக்கு வேலை செய்த ஜாலிக் கதவு போட்டு மூடியிருக்கிறார். ஜாலியில் ஓட்டையைவிட மரம்தான் அதிகம். ஒலி கொஞ்சம் கதவில் மோதித் திரும்புகிறது, மீதி அந்தப் பொந்துக்குள் சுழன்று குமுறுகிறது. ஆண் குரல் எல்லாம் குடத்துக்குள் பேசுவது போல ஒரே முழக்கம். ட்வீட்டர் (ஸ்பீக்கரில் கீச்சு ஒலி தரும் பகுதி) காது உயரத்தில், அதாவது சோபாவில் உட்கார்ந்தால் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடியில் இருக்க வேண்டும். இங்கே கணுக்கால் உயரத்தில் இருக்கிறது.

என் தம்பி ஒரு நாள் அதை வெளியே எடுத்து, யூனிட்டுக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் வைத்து, முகத்தை அம்மா பக்கம் லேசாக நிமிர்த்திச் செய்தி சேனலைப் போட்டான். வால்யூமைத் தொடவே இல்லை. அம்மா உடனே, “இப்பத்தாண்டா வார்த்தை வார்த்தையா கேக்குது” என்றார். ஸ்பீக்கரில் கோளாறு இல்லை, வைத்த இடம்தான் கோளாறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நீங்களும் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை.

சப்வூஃபரையும் ஒரு அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பேஸ் ஒலிக்குத் திசை தெரியாது, எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்பது அவர் வாதம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிக்குத் திசை பிடிபடாது என்பது உண்மைதான். ஆனால் மரப்பெட்டிக்குள் வைத்தால் பெட்டியும் சேர்ந்து அதிரும். கதவு, கண்ணாடி, கைப்பிடி எல்லாம் கடகடவென்று ஆடுகின்றன. போதாததற்குக் கைவேலை சோபாவைப் பின்சுவரோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறார். அறையின் 12 அடி அகலத்தில் சுமார் 47 ஹெர்ட்ஸில் ஒலி அலை சுவருக்குச் சுவர் நின்று முழங்கும், அந்த முழக்கம் சுவரை ஒட்டித்தான் மிக அதிகம். சரியாக அந்த இடத்தில் எங்களை உட்காரவைத்திருக்கிறார். சோபா நகர்கிற மாதிரி இருந்திருந்தால் இரண்டடி முன்னே இழுத்துப்போட்டு முடித்திருப்போம்.

ரிசீவரை (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) காற்றே போகாத இழுப்பறைக்குள் வைத்ததால் பாதிப் படத்தில் சூடேறித் தானாக அணைந்துவிடும். வயர் விஷயம் சின்னது, ஆனால் நேரடித் திருட்டு. காப்பர் என்று எழுதிக் கொடுத்த வயரின் நுனியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கிறது. அலுமினியத்தின் மேல் காப்பர் பூச்சு. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் காப்பரில் சுமார் 60 சதவீதம்தான், விலையும் அதற்கேற்ற மாதிரி மலிவு. உங்கள் வீட்டில் வயர் இழுத்தால் சுவருக்குள் போகும் முன் ஒரு துண்டு நறுக்கிச் சுரண்டிப் பாருங்கள்.

சவுண்ட் ப்ரூஃப் என்று 38,000 ரூபாய் வாங்கினார். சுவரில் ஒட்டியது முட்டை அட்டை வடிவ ஃபோம். ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அதுவும் மெல்லிய கீச்சு ஒலிகளைத்தான். வெளிச்சத்தம் உள்ளே வருவதை அது நிறுத்தாது. தகரத்தில் மழை கொட்டினால் எங்களுக்கு ஒன்றுமே கேட்பதில்லை, முன்பு போலவே. மழைச் சத்தத்தைத் தடுக்கக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே ராக்வூல் (கல்லிலிருந்து செய்யும் பஞ்சு) நிரப்ப வேண்டும், கீழே கனமான ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு போட்டு இடுக்குகளை அடைக்க வேண்டும். அவர் சீலிங்கில் கையே வைக்கவில்லை.

ஃபோன் செய்தபோது, “மலைக்காத்துக்கு மரம் வெடிக்கத்தானுங்க செய்யும் சார், பாலிஷ் போட்டுத் தந்தர்றேன்” என்றார். மலையில் எத்தனையோ பங்களாக்களில் நூறு வருடப் பழைய அலமாரிகள் வெடிப்பில்லாமல் நிற்கின்றன. இதைச் சொன்னதும் ஃபோனை எடுப்பதை நிறுத்திவிட்டார். ஜிஎஸ்டி பில் கேட்டு நாங்கள் அனுப்பிய மெசேஜ்கள் அத்தனைக்கும் இன்றுவரை பதில் இல்லை.

இப்போது ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். அவர் கோவைக்காரர், அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டும் என்று சிலர் எங்களைப் பயமுறுத்தினார்கள். அப்படி இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 1915 என்ற உதவி எண்ணில் கேட்கலாம். பில் இல்லாவிட்டாலும், கொட்டேஷன் வந்த வாட்ஸ்அப் மெசேஜ், பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, தேதி தெரிகிற மாதிரி எடுத்த போட்டோக்கள் இவற்றைச் சாட்சியமாகக் கொடுக்கலாம்.

இப்படி ஒரு வேலை கொடுக்கப் போகிறவர்கள், மரத்தை அறுக்கும் முன்பே அறையின் வரைபடத்தைக் கேளுங்கள். அதில் நீங்கள் உட்காரும் இடம், ஒவ்வொரு ஸ்பீக்கரின் இடம், உயரம், கோணம் இருக்க வேண்டும். யூனிட் அதற்கு அப்புறம்தான். வரையத் தெரியாது என்று சொல்கிறவர் மரவேலை மட்டும் செய்யட்டும், ஸ்பீக்கரை வேறு ஆளிடம் கொடுங்கள். பட்டறைக்கே போய், பாலிஷ் அடிக்கும் முன் உங்கள் கண் முன்னால் ஈரமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கருவி பெரிய விலை இல்லை, வைத்திருக்காத பட்டறைக்காரர் மேல் எனக்கு நம்பிக்கை வராது. முடிந்தால் பங்குனி, சித்திரையில் செய்யச் சொல்லி, அறுத்த பலகையைச் சில வாரம் உங்கள் வீட்டிலேயே அடுக்கி வைத்து அப்புறம் இணைக்கச் சொல்லுங்கள். மரத்துக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கும் தனித்தனி பில் வாங்குங்கள். எங்களிடம் வேலை முடியும் முன்பே முக்கால்வாசிப் பணத்தைக் கேட்டு வாங்கினார். அந்த மாதிரி கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதே ‘கைவேலைத் தேக்கு’ பேக்கேஜை ஏற்கெனவே வாங்கியவர்கள் இந்த மலையில் இன்னும் சிலராவது இருப்பார்கள் என்று நினைக்கிறேன். யூனிட்டைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்பக்கத்தைப் பாருங்கள், வயர் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். எங்களுக்கு நடந்ததுதான் உங்களுக்கும் என்றால் எதையும் கழற்றாமல் முதலில் போட்டோ எடுத்து வையுங்கள், அந்த ஆளோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், பிறகு எனக்கு எழுதுங்கள். எங்கள் புகாரின் நகலைத் தருகிறேன்.