ஒரே அளவு, வேறு வேறு ரெசொல்யூஷன்: எந்த வழி எதற்கு?

மூன்றரை அங்குல அகலம், இரண்டு அங்குல உயரத்தில் ஒரு விசிட்டிங் கார்டு. அச்சுக்கு 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஒரு கோப்பு, திரையில் காட்டி ஒப்புதல் வாங்க 150 பிபிஐயில் இன்னொன்று. எதை லேஅவுட்டில் வைத்தாலும் அதே மூன்றரைக்கு இரண்டாக உட்கார வேண்டும். சின்ன வேலைதான். ஆனால் ஒரு முறை நான் அனுப்பிய கார்டு, அச்சகத்தின் திரையில் 37 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரிந்து நின்றது. 1050க்கு 600 என்று பிக்சல் கணக்கு மிகச்சரி. ‘இது 300 பிபிஐ’ என்ற குறிப்பு மட்டும் கோப்புக்குள் இல்லை. அதனால் அதைத் திறந்து பார்த்த மென்பொருள் 72 என்று எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை அதிகம்.

அடிப்படை ஒரே ஒரு பெருக்கல்: அங்குலத்தை பிபிஐயால் பெருக்கினால் பிக்சல். அங்குலம் அசையக் கூடாது என்றால், பிபிஐ மாறும்போது பிக்சலும் கூடவே மாறியாக வேண்டும். கீழே வரும் வழிகளுக்குள் இருக்கும் வித்தியாசம், அந்தப் பிக்சல் எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

குறிப்பை மாற்றுவதா, பிக்சலை மாற்றுவதா

ஃபோட்டோஷாப்பின் ‘இமேஜ் சைஸ்’ பெட்டியில் ‘ரீசாம்பிள்’ (பிக்சல் எண்ணிக்கையை மாற்றுவது) என்று ஒரு டிக் இருக்கும். தரம் கெட்டுவிடுமோ என்று பயந்து பலர் அதை எடுத்துவிடுகிறார்கள். டிக் இல்லாமல் 300ஐ 150 ஆக்கினால் ஒரு பிக்சலும் போகாது, உண்மைதான். ஆனால் மூன்றரை அங்குலம் ஏழு அங்குலமாகிவிடும். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். டிக் இருக்கட்டும், அகலத்தின் அலகை அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ வைத்துக்கொண்டு ரெசொல்யூஷனை மட்டும் மாற்றுங்கள். கார்டு 525க்கு 300 பிக்சலாகும், அளவு அப்படியே இருக்கும்.

கிம்ப் என்ற பட மென்பொருளில் இந்த இரண்டும் தனித்தனி மெனுவாகவே இருக்கின்றன. ‘பிரின்ட் சைஸ்’ குறிப்பை மட்டும் தொடும், ‘ஸ்கேல் இமேஜ்’ பிக்சலைத் தொடும். கமாண்ட் எழுதிப் பழகியவர்களுக்கு, கட்டளையில் படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் இன்னும் தெளிவு: ‘ரீசாம்பிள்’ என்ற கட்டளை செய்வதே அங்குலத்தைக் காப்பாற்றிக்கொண்டு பிக்சலை மாற்றும் வேலைதான்.

இந்த வழியில் இறங்குவது எளிது, ஏறுவது வீண். 150இலிருந்து 300க்குப் போனால் பிக்சல் நான்கு மடங்காகும், விவரம் ஒரு துளியும் கூடாது. அதனால் பெரிய கோப்பைத் தாயாக வைத்து, ஒவ்வொரு சிறியதையும் நேராக அதிலிருந்தே எடுங்கள். சுருக்கியதை மறுபடி சுருக்க வேண்டாம்.

வெக்டரில் இருந்தால்

வெக்டர் என்றால் படம் பிக்சலாக இல்லாமல் கோடுகளின் கணக்காக இருப்பது. இங்கே கதையே வேறு. ஒவ்வொரு ஏற்றுமதியிலும் கோடுகள் புதிதாக வரையப்படுகின்றன. 600 கேட்டாலும் உண்மையான 600 கிடைக்கும். லோகோ, கார்டு, போஸ்டர் எல்லாவற்றுக்கும் என் ஓட்டு இதற்குத்தான்.

இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் மென்பொருளில் ஆவணத்தை மில்லிமீட்டரில் அமைத்துவிட்டு, எக்ஸ்போர்ட் பலகையில் டிபிஐ (இங்கே பிபிஐயைத்தான் அப்படிச் சொல்கிறது) எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது. தானாக இருக்கும் எண் 96, அதை மாற்ற மறக்கக் கூடாது. அச்சுக்கான பிஎன்ஜி எடுக்க இதைவிட நேரான வழி நான் பார்த்ததில்லை.

இல்லஸ்ட்ரேட்டரில் இரண்டு வாசல்கள். ‘எக்ஸ்போர்ட் ஆஸ்’ நேராக 72, 150, 300 என்று கேட்கும், வேறு எண்ணும் தரலாம். ‘எக்ஸ்போர்ட் ஃபார் ஸ்கிரீன்ஸ்’ 1x, 2x என்று மடங்கில் பேசும். அதிலும் மடங்குக்குப் பதில் ரெசொல்யூஷனைத் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. அப்புறம் ஒரு பொறி: நிழல், மங்கல் போன்ற எஃபெக்ட்களுக்கு ‘டாக்குமெண்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் செட்டிங்ஸ்’ என்று தனி ரெசொல்யூஷன் இருக்கிறது. அது 72இல் இருந்தால், 300இல் ஏற்றுமதி செய்த படத்தில் எழுத்து கூர்மையாகவும் நிழல் மட்டும் கரடுமுரடாகவும் வரும். முதலில் அதைப் பாருங்கள்.

ஃபிக்மா பிக்சலில் மட்டுமே யோசிக்கும். அதன் ஏ4 ஃபிரேம் 595க்கு 842, அதாவது 72 பிபிஐ கணக்கு. 300 வேண்டுமென்றால் 4.17 மடங்கு என்று கணக்குப் போடலாம், அல்லது அகலத்தை 2480 பிக்சல் என்று கொடுக்கலாம். உயரம் 3508இலிருந்து ஓரிரு பிக்சல் பிசகும். திரை வேலைக்கு அருமையான கருவி. அச்சு வேலையை இதில் தொடங்க நான் சொல்ல மாட்டேன்.

எந்தக் கோப்பு அளவை நினைவில் வைக்கும்

டிஃப், ஜேபெக், பிஎன்ஜி மூன்றிலும் ரெசொல்யூஷனுக்கு இடம் இருக்கிறது. பிஎன்ஜி அதை மீட்டருக்கு இத்தனை பிக்சல் என்று எழுதிக்கொள்ளும், 300 பிபிஐ என்பது அங்கே 11,811. இடம் இருந்தாலும் எல்லா மென்பொருளும் நிரப்புவதில்லை. ஃபோட்டோஷாப்பின் ‘சேவ் ஃபார் வெப்’ அந்தக் குறிப்பை விட்டுவிடும். மெசேஜ் செயலிகளில் படமாக அனுப்பினால் பிக்சலே குறைந்துபோகலாம், டாக்குமெண்டாக அனுப்புவது நல்லது.

வெக்டர் கோப்பான எஸ்விஜியில் வேறு சிக்கல். அதன் பிக்சலை அங்குலத்துக்கு 72 என்று ஒரு மென்பொருள் எழுதி, 96 என்று இன்னொன்று படித்தால், வரைபடம் முக்கால் அளவுக்குச் சுருங்கிவிடும்.

பிடிஎஃப்புக்கு இந்தத் தலைவலி இல்லை. பக்க அளவே கோப்பின் உள்ளே எழுதப்பட்டிருக்கும், ரெசொல்யூஷன் கேள்வி உள்ளே வைத்த புகைப்படங்களுக்கு மட்டும்தான். அடோபியின் ‘ஹை குவாலிட்டி பிரின்ட்’ அமைப்பு 450க்கு மேல் இருக்கும் வண்ணப் படங்களை 300க்கு இறக்கும், பக்கம் அசையாது. அச்சகம் ஏற்றுக்கொண்டால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

எத்தனை பிபிஐ

கையில் பிடித்துப் பார்ப்பதற்கு 300 போதும். 600க்குப் போனால் பிக்சல் நான்கு மடங்கு. ஏ4 பக்கம் ஒன்று, சுருக்காத ஆர்ஜிபி வண்ணத்தில் சுமார் 26 எம்பியிலிருந்து 104 எம்பிக்குத் தாவும்.

பேனருக்கு 300 கேட்பவர்களும் இருக்கிறார்கள். 20 அடி அகலத்துக்கு அது 72,000 பிக்சல். ஜேபெக்கில் அகலத்துக்கோ உயரத்துக்கோ எல்லையே 65,535 பிக்சல்தான். தூரத்திலிருந்து பார்ப்பதால் 100 பிபிஐ தாராளம், 24,000 பிக்சலில் முடிந்துவிடும். அத்தனை பெரிய அகலத்தை மென்பொருள் ஏற்காவிட்டால், பத்தில் ஒரு பங்கு அளவில் 1000 பிபிஐயாக அமைக்கலாம். பிக்சல் அதே 24,000, கோப்பு சொல்லும் அகலம் மட்டும் இரண்டு அடி. அப்படி அனுப்பும்போது ‘10இல் 1 அளவு’ என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு அடி பேனர்தான் அச்சாகி வரும்.