பழைய துணி: பாத்திரத்துக்கா, கூஞ்சுக்கா?

டெல்லியில் பீரோ நிரம்பிவிட்டால் நம் ஆட்களுக்கு இரண்டு வழி. தெருவில் வரும் பாத்திரக்காரம்மாவிடம் பழைய துணியைப் போட்டு எவர்சில்வர் வாங்கலாம். பேரம் சுவாரசியம்தான், பட்டுப் புடவை என்றால் கண் நேரே ஜரிகைக்குப் போகும். அந்தத் துணிகள் விடியுமுன் ரகுபீர் நகர் சந்தையில் கைமாறி, தைத்துத் துவைத்து மறுபடி விற்பனைக்குப் போகின்றன. பல குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு. ஆனால் வீட்டில் துணி குறைந்து பாத்திரம் கூடும்!

இன்னொரு வழி, 1999-இல் டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் என்ற தொண்டு அமைப்பு. அங்கே கொடுத்தால் கைக்கு எதுவும் வராது. கிணறு வெட்டுவது, பாதை செப்பனிடுவது என்று ஊர்வேலை செய்யும் கிராமத்தாருக்கு அந்தத் துணி வெகுமதியாகப் போகிறது. பழைய பருத்தித் துணிகூட மாதவிடாய் நாப்கின் ஆகிறது. துவைத்துக் கொடுங்கள், அவ்வளவுதான். இடத்தைக் காலி செய்வதுதான் நோக்கம் என்றால் என் ஓட்டு கூஞ்சுக்கே.