பாசியை அடக்க எது நல்லது: கீட்டோமோர்பாவா, இரும்பு ஒட்சைட்டு மணிகளா?

பவளங்களுள்ள சிறிய கடல்நீர்த் தொட்டியில், நீரில் நைத்திரேற்று, பொசுபேற்று என்னும் சத்துகள் மிஞ்சும்போதே மயிர்ப்பாசி கல்லை மூடத் தொடங்குகிறது. இரையைக் குறைப்பது, கையால் பிடுங்குவது, நத்தைகளை விடுவது ஆகியவற்றை எல்லோரும் முதலில் செய்வார்கள். அவற்றை இங்கே விரிக்கவில்லை. அவற்றுக்கும் அடங்காத பாசிக்கு இரண்டு வழிகள் எஞ்சுகின்றன. ஒன்று, பொசுபேற்றை உறிஞ்சும் இரும்பு ஒட்சைட்டு மணிகள். மற்றது, தொட்டியோடு இணைந்த தனிப் பெட்டியில் கீட்டோமோர்பா என்னும் நூல்போன்ற பச்சைப் பாசியை வளர்த்து, கல்லில் படரும் பாசிக்குப் போகும் சத்தை அதற்கு முன்பே உண்ணவைப்பது. மட்டக்களப்பில் உள்ள என் வீட்டுத் தொட்டிக்கு நான் இரண்டாவதையே தெரிந்தெடுத்தேன்.

மணிகள் வேகமானவை. ஆனால், பொசுபேற்று திடீரென வீழ்வதைப் பவளங்கள் தாங்குவதில்லை. அத்துடன், நைத்திரேற்றை இம்மணிகள் தொடுவதுமில்லை. அளவுக்கு மீறிப் பயன்படுத்திப் பொசுபேற்றை முற்றாக அகற்றிவிட்டால், டைனோபிளாஜலேற்றுகள் என்னும் நுண்ணுயிர்கள் பழுப்புச் சளியாகப் படரக்கூடும். அவற்றை ஒழிப்பது மயிர்ப்பாசியை ஒழிப்பதிலும் கடினம். பொசுபேற்றை லீற்றருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை வைத்திருப்பதே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. பூச்சியம் நம் இலக்கன்று.

என் தெரிவைத் தீர்மானித்தது பராமரிப்பே. மணிகள் சில வாரங்களில் நிறைவுற்று உறிஞ்சுவதை நிறுத்திவிடும். பின் புதியவற்றைக் கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டும், அவை வந்து சேரும் வரை பாசி காத்திருப்பதில்லை. எமது ஊரிலோ தொட்டிக்குள் சத்து சேர்வது ஓய்வதே இல்லை. தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீர் விரைவாக ஆவியாகிறது; அந்தக் குறையைக் கிணற்று நீரால் நிரப்பினால், மணற்பாங்கான நிலத்தில் மலக்குழிகளிலிருந்தும் உரத்திலிருந்தும் கிணற்றுக்கு இறங்கும் நைத்திரேற்று தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டு போகும், ஏனெனில் ஆவியாவது நீர் மட்டுமே. ஆகவே எந்த வழியைக் கைக்கொண்டாலும், நிரப்புவதற்கு ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) வடிகட்டி நீரையே பயன்படுத்த வேண்டும். மாரியில் முகத்துவாரம் வழியாக வாவியின் கலங்கல் நீர் கடலில் கலப்பதால், கல்லடிக் கரையில் அள்ளும் நீரையும் அப்போது நம்ப முடியாது.

இப்படி ஓயாமல் வரும் சத்துக்கு, ஓயாமல் உண்ணும் ஒன்றே பொருந்தும். கீட்டோமோர்பாவுக்கு வேண்டியவை மிதமான நீரோட்டமும், கடையில் கிடைக்கும் 6500 கெல்வின் எல்.ஈ.டி. மின்குமிழும் மட்டுமே. பிரதான விளக்கு அணைந்த பின் இரவில் அதை எரியவிட்டால், அந்நேரத்தில் மிகும் காபனீரொட்சைட்டைப் பாசி எடுத்துக்கொள்வதால் நீரின் பி.எச். (அமில-கார அளவு) வீழ்ச்சியும் குறைகிறது. பகல் வெப்பத்தோடு இன்னொரு விளக்கின் வெப்பம் சேராதிருப்பது நம் ஊருக்குக் கூடுதல் நன்மை. சில மணிநேர மின்வெட்டாலும் கீட்டோமோர்பாவுக்குக் கேடில்லை.

ஆனால் அறுவடையைத் தவறவிடலாகாது. பாசி உறிஞ்சிய சத்து அதன் உடலிலேயே இருக்கிறது. பெட்டி நிறைந்ததும் பாதியளவைப் பிய்த்து வெளியே எறிந்தால்தான் அந்தச் சத்து தொட்டியை விட்டு நீங்கும். விட்டுவைத்தால் பாசிப் பந்தின் உட்புறம் வெளிச்சமின்றி அழுகி, எல்லாவற்றையும் நீருக்கே திருப்பிக் கொடுக்கும். நைத்திரேற்று தீர்ந்துபோனால், பொசுபேற்று எஞ்சியிருந்தும் வளர்ச்சி நின்றுவிடும். அப்போது மீனுக்கு இரையைச் சற்றுக் கூட்டுவதே வழி. பலர் விரும்பும் கோலர்ப்பா பாசியை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அது இனப்பெருக்க நிலையை அடைந்தால் ஒரே நாளில் கரைந்து நீரைக் கெடுத்துவிடலாம்.

வலைத்தட்டில் நீரை வழியவிட்டுப் பாசி வளர்க்கும் முறையைப் பிறர் தொட்டியிலேயே பார்த்திருக்கிறேன். அது நன்றாக வேலை செய்கிறது, எனினும் பம்ப் நின்றால் தட்டு உலர்ந்துவிடுவதால் மின்வெட்டு உள்ள இடத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. பிரையொப்சிஸ் பாசி கல்லில் வேரூன்றிவிட்டால் கீட்டோமோர்பா மட்டும் அதை வெல்லாது. அந்தக் கல்லை வெளியே எடுத்துத் துலக்கியே ஆக வேண்டும். பொசுபேற்று மிக உயர்ந்துபோன பழைய தொட்டிக்கு, மணிகளைச் சிறிய அளவில் ஒரு முறை பயன்படுத்தி இறக்கிய பின் பாசிப் பெட்டிக்கு மாறுவதை நான் எதிர்க்கவில்லை.