அடையாளக்கோடு இல்லாத ஒரு குமிழ்: பத்மினியின் பின் பிரேக் வால்வோடு சில ஆண்டுகள்

கிருஷ்ணகிரியில் பழைய பந்தய கார் ஒன்றை வாங்கியிருக்கும் நண்பர், அதன் பிரேக் ப்ரப்போர்ஷனிங் வால்வை (பின்சக்கர பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வு) பிரித்துச் சீரமைப்பதா, கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதா என்று கேட்டிருந்தார். தருமபுரியில் என்னிடம் உள்ள பிரீமியர் பத்மினியிலும் அதே வகைதான், பித்தளை உடலும் கையால் திருகும் குமிழுமாகப் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதை மறுபடியும் பிரித்துப் பூட்டி அதிக நாள் ஆகவில்லை. எரிச்சல் தணியும் முன்பே எழுதிவிடுகிறேன்.

பத்மினிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். பந்தயத்துக்காக முன்பக்கம் டிஸ்க் ஏற்றியவர்கள் பின்பக்கக் குழாயில் இந்த வால்வைச் சேர்த்தார்கள். குறிப்பிட்ட அழுத்தம் வரை இரு பக்கத்துக்கும் சமமாக விட்டுவிட்டு, அதற்கு மேல் பின்பக்க அழுத்தத்தை மெதுவாக மட்டுமே ஏறவிடுவது இதன் வேலை. குமிழைத் திருகினால் ஸ்பிரிங்கின் இறுக்கம் மாறி, மட்டுப்படுத்தல் தொடங்கும் அந்த அழுத்தம் கூடும் அல்லது குறையும். அதற்கு மேற்பட்ட விகிதம் பிஸ்டனின் அளவில் அடங்கியது, நம் கையில் இல்லை.

சரியாக அமைந்துவிட்டால் இதைப் போல ஒரு சுகம் கிடையாது. தொப்பூர் இறக்கத்தில் ஏற்கெனவே எடை முன்னால் சரிந்திருக்க, முன்னே போகும் லாரி திடீரென்று வேகம் குறைத்தால், வால்வு இல்லாத வண்டியில் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு பின்பாகம் ஒரு பக்கம் இழுக்கும். என் வண்டி அந்த இடத்தில் கோடு கிழித்தாற்போல நேராக நிற்கிறது.

சீரமைப்பும் கடினமன்று. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்துப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி என்றால், ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம், அதே ஈரம்தான் வால்வின் உள்சுவரையும் அரிக்கிறது. பிஸ்டனை உருவியபோது பழுப்பு நிறத்தில் பசை போல ஒரு படிவு வந்தது. துடைத்துவிட்டுச் சுவரைத் தடவும்போது அரிப்புக் குழியில் நகம் தட்டினால் அந்த உடல் இனி உதவாது. எந்தப் பட்டறையிலும் கழுவுவதற்கு முதலில் நீட்டுவது பெட்ரோல் டப்பாவைத்தான். அதை வாங்கவே வாங்காதீர்கள், ரப்பர் சீல்கள் ஊதிவிடும், புது பிரேக் ஆயிலே போதும். வெளிநாட்டு வால்வின் துளை 3/8 அங்குலம், நம் கடைகளில் கிடைக்கும் குழாய் நட்டு 10 மி.மீ.; அரைச்சுற்று ஏறுவது போல ஏமாற்றிப் பித்தளை மரையைத் தின்றுவிடும். இதற்கான இணைப்பை ஓசூர் லேத் பட்டறை ஒன்றில் கடைந்து வாங்கினேன், குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் கோபமெல்லாம் அந்தக் குமிழின் மேல்தான். அதில் எண் இல்லை, கோடு இல்லை, திருகும்போது ‘டிக்’ என்று நிற்கும் படியும் இல்லை. வெள்ளைப் பெயின்டில் புள்ளி வைத்தேன். கசிந்த பிரேக் ஆயில் அதைக் கரைத்துத் தின்றது. பஞ்ச் வைத்துக் குழி அடித்தால், குமிழ் பல சுற்று சுற்றுவதால், அது எத்தனையாவது சுற்று என்பதைக் குழி சொல்வதில்லை. சுற்றுகளை எண்ணி எழுதி வைத்தாலும், புது சீலின் உராய்வு வேறு, பழைய ஸ்பிரிங்கின் தளர்வு வேறு என்பதால், பூட்டிய பின் அந்த எண்ணிக்கைக்குப் பொருளே இல்லை. ஒவ்வொரு முறையும் வால்வுக்கு முன்னும் பின்னும் இரண்டு பிரஷர் கேஜ்களை மாட்டிப் பெடலை மெல்ல மிதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இப்போது 400 பிஎஸ்ஐ அழுத்தம் வரை இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறுகின்றன. முன்முள் 800-ஐத் தொடும்போது பின்முள் 570-ஐ ஒட்டி நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று, கேஜ்களைக் கழற்றியபின் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது தனி வேலை. இவ்வளவு துல்லியமாகப் பித்தளையைக் கடைந்தவருக்கு, குமிழில் நான்கு கோடு கிழிக்க மனம் வராதது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஆகவே நண்பரே, படிப்படியாக நிற்கும் நெம்புகோல் வகையில் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். இதைச் சீரமைக்க வேண்டாம். நான் மாற்றப் போவதில்லை, அது வேறு கதை. கழற்றும் பழைய வால்வை மட்டும் இரும்புக் கடையில் போட்டுவிடாமல் எனக்கு அனுப்பி வையுங்கள், ஸ்பிரிங்கும் பிஸ்டனும் எனக்குத் தேவைப்படும்.