வீட்டுக்கே வந்து வண்டி எடுத்துட்டுப் போற சர்வீஸ் ஆப்ல 14,800 ரூபா போச்சு, சஸ்பென்ஷன் வேலை குடுக்கறவங்க தயவுசெஞ்சு படிங்க

நேத்து சாயந்திரம் தான் விஷயம் தெரிஞ்சது, ராத்திரி பூரா தூக்கம் இல்ல, எந்திரிச்ச உடனே எழுதறேன். 14,800 ரூபா. என் சம்பளத்துல கிட்டத்தட்ட பாதி.

எங்க வண்டி 9 வருஷ ஹேட்ச்பேக், 86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. மூணு மாசமா முன்னாடி இடது பக்கம் டொக்கு டொக்குனு சத்தம். நல்ல ரோட்ல ஒண்ணும் தெரியாது, ஒரு பக்க வீல் மட்டும் பள்ளத்துல இறங்கி ஏறுனா வரும், அதுவும் 20, 30 ஸ்பீடுல தான். அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி மேடவாக்கத்துலேர்ந்து தாம்பரத்துக்கு பிசியோதெரபி கூட்டிட்டுப் போறேன், ஒவ்வொரு தடவை டொக்குனு கேட்கறப்பவும் அவரு கதவு மேல இருக்கற கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சுக்குவாரு. எங்க வழக்கமான மெக்கானிக் அண்ணன் அப்ப ஊருக்குப் போயிருந்தாரு, நான் அவசரப்பட்டு ஆப்ல புக் பண்ணிட்டேன்.

எப்படி நம்புனேன்னு சொல்றேன். ஆப்காரங்களோட மெக்கானிக் பையன் "அக்கா, நீங்க ஏமாந்துறக் கூடாதுன்னு தான் நேர்லயே காட்டறேன்"னு வண்டியத் தூக்கி நிறுத்தற லிஃப்ட்டுக்கு அடியிலேர்ந்து வீடியோ கால் பண்ணான். டார்ச் அடிச்சு ஸ்டெபிலைசர் கம்பிய காட்டுனான், அதாங்க ரெண்டு பக்க சஸ்பென்ஷனையும் சேர்த்து வண்டி வளைவுல ரொம்ப சாயாம பிடிக்கற கம்பி, அதை அடியில பிராக்கெட் போட்டு பிடிச்சிருக்கற ரப்பர் தான் புஷ். ரப்பர் தேஞ்சு ஓட்டை பெருசாயிடுச்சு, கம்பிய கையால ஆட்டுனா லொடலொடன்னு ஆடுது. இடது பக்க புஷ்ல கோணலா ஒரு வெடிப்பு, ஓரத்துல ஒரு பிசிறு தொங்கிட்டு இருந்துச்சு, கண்ணால பாத்தேன். அதனால தான் அதுக்கப்புறம் அவன் சொன்ன எல்லாத்தையும் நம்புனேன். "ஷாக்கும் வீக்கா இருக்குக்கா, புஷ் மட்டும் போட்டா ரெண்டு மாசத்துல திரும்ப போயிரும்"னான். ஷாக்னா உள்ள ஆயில் இருக்கற, வண்டி குலுங்கறத அடக்கற ஷாக் அப்சார்பர். முன்னாடி ஷாக் ரெண்டு, ஸ்டெபிலைசர் கம்பி நுனிய சஸ்பென்ஷனோட சேர்க்கற லிங்க் ராடு ரெண்டு, புஷ் ரெண்டு, லேபர், அலைன்மெண்ட், மொத்தம் 14,800. ஓகே பண்ணி யுபிஐல அனுப்பிட்டேன்.

வண்டி வந்த மறுநாளே அதே டொக்கு.

போன் பண்ணா "புது பார்ட் செட்டாக 500 கிலோமீட்டர் ஓட்டுங்க மேடம்". ஓட்டுனேன். அப்புறம் "டிக்கெட் போட்டிருக்கோம், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க". யாரும் கூப்பிடல. பழைய பார்ட்ஸ் கேட்டா ஸ்கிராப்புக்குப் போயிடுச்சாம். அந்தப் பையன் நம்பர் சுவிட்ச் ஆஃப். நாலாவது தடவை எடுத்த பொண்ணு "உங்க ஏரியா ரோடு அப்படி மேடம்"னு சொல்லுச்சு பாருங்க, அங்க தான் எனக்கு தாங்கல.

நேத்து நம்ம மெக்கானிக் அண்ணன் வண்டியத் தூக்கிப் பாத்தாரு. ஷாக்கும் லிங்க் ராடும் புதுசு தான். ஆனா மூணு மாசம் முன்னாடி பிரேக் பேட் மாத்தறப்ப பழைய ஷாக்க பாத்திருக்காரு, ஆயில் லீக்கே இல்ல, காஞ்சு கிடந்துச்சு, மாத்தவே தேவையில்லங்கறாரு. புஷ் பளபளன்னு கருப்பா இருந்துச்சு, புதுசுன்னு தான் நானும் நினைச்சேன். அவரு துணியால ஒரு இழுப்பு இழுத்தாரு, கிரீஸ் மொத்தமா வந்துருச்சு. அடியில அதே கோணல் வெடிப்பு. அதே பிசிறு. பிராக்கெட் போல்ட் தலையில துரு அப்படியே இருக்கு, ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்ல. "இந்த போல்ட்டுக்கு கை போகாதும்மா, நேரம் இழுக்கும், புஷ் விலையில அவங்களுக்கு ஒண்ணும் நிக்காது, அதான் ஈஸியா கழட்டறத மாத்தி பில் போட்டிருக்காங்க"ன்னாரு. அவரே மாத்திக் குடுத்தாரு, ரெண்டு புஷ் 420, கூலி 900. சத்தம் சுத்தமா நின்னுருச்சு. 1,320 ரூபா வேலைக்கு 14,800 ரூபா அழுதிருக்கேன்!

என்னென்ன கவனிக்கணும்னு விரிவா எழுதணும்னு தான் உக்காந்தேன், அப்பாவுக்கு நேரமாச்சு, வேகமா சொல்றேன். பழைய பார்ட்ஸ் கைக்கு வராம காசு குடுக்காதீங்க. கழட்டறதுக்கு முன்னாடியே பார்ட் மேல மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க. வீடியோ கால்ல காட்டுனா ரெக்கார்ட் பண்ணி வைங்க, நான் பண்ணல. ஷாக்ல எண்ணெய் வடியலன்னா ஏன் மாத்தணும்னு கேளுங்க. ரப்பர் புஷ் மேல சாதா கிரீஸ் பளபளத்துச்சுன்னா துடைச்சுப் பாருங்க, அந்த கிரீஸ் பட்டா நிறைய ரப்பர் ஊறி சீக்கிரம் கெட்டுப்போயிரும்.

பழைய புஷ் ரெண்டையும் கவர்ல போட்டு வச்சிருக்கேன். 1915ங்கற தேசிய நுகர்வோர் உதவி நம்பர்ல புகார் குடுக்கப் போறேன். இப்ப தான் ஆப்லேர்ந்து மெசேஜ் வந்துச்சு, "உங்கள் பிரச்சனை தீர்க்கப்பட்டது"ன்னு டிக்கெட்ட மூடிட்டாங்க.