ஆடிக் காற்றும் நல்லெண்ணெயும்: மூன்று வருட அனுபவம்

உடுமலைப் பக்கம் ஆனி, ஆடிக் காற்றைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து, கூரைத் தகரத்தை ஆட்டி, கண்ணில் மண்ணைப் போட்டுவிட்டுத்தான் போகும். அந்த இரண்டு மாதமும் எனக்குத் தூக்கம் வராது. காரணமே இல்லாத படபடப்பு, யார் பேசினாலும் எரிச்சல். கடைசியில் ஓர் ஆயுர்வேத மருத்துவரிடம் போனேன்.

அவர் சொன்னது ருது சரியை. வருடத்தை ஆறு பருவமாகப் பிரித்து, சாப்பாடு, குளியல், உறக்கத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்வது. கோடையில் சேரும் வாதம், அதாவது உடம்பில் இருக்கும் காற்றின் தன்மை, மழைக்காலத்தில் சீறும் என்பது அவர்கள் கணக்கு. "நமக்கு ஆடியில ஏதுங்க மழை? பெரிய மழை ஐப்பசியிலதானுங்களே?" என்றேன். சிரித்தார். "நூல்ல இருக்கற மாசத்த விடுங்க. காத்து வறட்டுது, தோல் வெடிக்குது, தூக்கம் கெடுது. அதப் பாருங்க."

வாரம் இரண்டு நாள் இளஞ்சூட்டில் நல்லெண்ணெய், அரை மணி நேரம் ஊறி, அரப்பு தேய்த்து வெந்நீர்க் குளியல். இரவில் உள்ளங்காலுக்கு க்ஷீரபலா தைலம். "இத நாஞ் சொன்னா கேக்கமாட்டே கண்ணு, காசு குடுத்தாத்தான் கேப்பே" என்றார் அம்மா. பதில் இல்லை.

முதல் இரண்டு வாரம் தலையணை உறை வீணானதுதான் மிச்சம். ஆடி முடிவதற்குள், ஒரு மணிக்குப் படுத்தவன் பத்தரைக்கே தூங்கினேன். எண்ணெய்க் கையோடு போனைத் தொட முடியாது. பாதிப் பெருமை அதற்கும் போகட்டும்.

அந்த ஆயுர்வேத மருத்துவர் கொடுத்த அமுக்கராச் சூரணம் (அஸ்வகந்தாப் பொடி) எனக்கு ஒத்துவரவில்லை. காலையில் மந்தம், வயிற்றுப் புரட்டல். தைராய்டு மாத்திரை சாப்பிடுவதை நான் சொல்லாமல் விட்டிருந்தேன், தப்பு என்னுடையது. அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும் என்று சொல்லி அவரே நிறுத்தினார்.

இரண்டாம் வருடம் கார்த்திகையில் வந்தது வேறு. காற்றுமில்லை, படபடப்புமில்லை. எழுந்திருக்கவே மனமில்லை, பிடித்த கம்மஞ்சோறுகூட இறங்கவில்லை. மூன்று வாரம் எண்ணெயையே நம்பி உட்கார்ந்திருந்தது வீண். கோவையில் மனநல மருத்துவரைப் பார்த்தேன். மனச்சோர்வு என்றார். ஒன்பது மாதம் மாத்திரை, கூடவே ஆலோசனை. எண்ணெய்க் குளியலை அவர் தடுக்கவில்லை. உள்ளே சாப்பிடும் எதையும் மறைக்கக்கூடாது என்றார், அவ்வளவுதான். நேரில் போகத் தயங்குகிறவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிட்டுப் பேசலாம், கட்டணமில்லை.

இந்த ஆனிக்கும் செக்கில் இரண்டு லிட்டர் வாங்கியாயிற்று. போன வருடம் எண்ணெய்த் தரையில் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டதால், குளியலறைக்கு ஒரு சொரசொரப்பான மிதியடியும்.